வட்டியில் கரைந்த கூலி: நம் இல்லங்களின் வரவு செலவு வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் வளர்ச்சியைப் பற்றியும், அதற்கு உழைத்த பெரியோரின் தொண்டைப் பற்றியும், தேர்ச்சி பெற்று உயர்ந்த மாணவர்களைப் பற்றியும் இம்மலரில் பலர் எழுதுவர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போல் பெருமையுடையதாகத் தோன்றாது. மளிகைக் கடையின் பற்று ஏடு, அடகுக் கடையின் சீட்டு, தாயின் முந்தானையில் முடிந்த சில்லறை ஆகிய மூன்றுமே இக்கட்டுரையின் பொருள். ஆயினும் நம் பிள்ளைகளில் எவர் பள்ளிக்குச் சென்றனர், எவர் பாதியில் நின்றனர் என்பதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இம்மூன்றே ஆதலின், கல்விக் கழகத்தின் மலரில் இதற்கும் இடம் உண்டு என்று துணிந்தேன்.

சிக்கனம் பற்றி நமக்கு அறிவுரை கூறுவோர் பலர். "விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும்" என்பர். "சிறுதுளி பெருவெள்ளம்" என்பர். வரவு சிறிதாயினும் செலவு அதனை மீறாதவரை கேடில்லை என்று வள்ளுவரும் கூறியுள்ளார். ஆனால் அக்கருத்து திருக்குறளின் பொருட்பாலில், தன் வலிமையும் பிறர் வலிமையும் அறிந்து நடக்க வேண்டிய அரசனுக்குக் கூறப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கருவூலம் உடையவனுக்குச் சொன்ன அறிவுரையைக் களத்து மேட்டில் கூலி நெல்லுக்குக் காத்து நின்றவனிடம் சொல்லுமுன், அவனுடைய வரவு எது, செலவு எது, அவற்றை அளந்தவர் யார் என்று கேட்பதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

கூலி நெல்லும் குடும்பக் கணக்கும்

மேற்கே மலைத் தொடரும் கிழக்கே கரிசல் நிலமும் கொண்ட நம் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில், நடவு, களையெடுப்பு, அறுப்பு, பருத்தி எடுப்பு என்று பருவத்தைப் பின்பற்றியே வேலை வரும். வேலையுள்ள நாளில் கையில் நெல்லோ காசோ இருக்கும். வேலையற்ற மாதங்களிலோ வயிறு மட்டும் இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பசிக்கும் வயிற்றுக்கும், ஆண்டில் சில மாதங்களே வரும் கூலிக்கும் இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பியது கடன். எனவே நம் முன்னோர் கடன்பட்டது ஊதாரித்தனத்தால் அன்று. வேலையின் அமைப்பே அவர்களைக் கடனுக்குள் தள்ளியது.

இது நம் வட்டாரத்திற்கு மட்டும் உரியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, ஒவ்வோர் ஊரின் நிலம், தொழில், கூலி, கடன் ஆகியவற்றை எழுதி வரச் செய்தார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானும், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் நமக்கு அண்மையிலுள்ளவை. 1918இல் அது நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகிய அறிஞர்களின் பொறுப்பில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. ஓர் ஊரின் நிலையை அறிய அரசனின் கல்வெட்டைப் படிப்பதோடு நில்லாமல், குடிசையின் அடுப்பையும் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழகத்துக் கல்வியுலகம் உணரத் தொடங்கிய காலம் அது.

முன்பணம் என்னும் விலங்கு

1843ஆம் ஆண்டின் சட்டத்தால், ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்காத நிலை வந்தது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் மனிதரை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் அடிமைச் சீட்டு ஒழிந்த இடத்தில் கடன் சீட்டு வந்து அமர்ந்தது. மகன் திருமணத்திற்கென்று சிறு தொகையைப் பெற்று, அதற்கு ஈடாகத் தன்னையோ பிள்ளையையோ பண்ணைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இக்கொடுமையை எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று குறிப்பிடுவது அதனையே.

ஊரை விட்டு ஓடியவர்களையும் கடன் விடவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் கங்காணியிடம் பெற்ற முன்பணத்தோடுதான் கப்பலேறினர். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அவர்கள் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின், செலுத்த வேண்டிய கடன் இவ்வளவு என்று எழுதிய "துண்டு" என்னும் சீட்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டத்தார் ஏற்றால்தான் ஆள் விடுதலை பெறுவான். கடனோ உடன் செல்லும். இத்துண்டு முறை 1921இல்தான் இலங்கையில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவிலோ கொத்தடிமை முறையை ஒழித்து, அதன் பெயரால் இருந்த கடன்களையும் செல்லாதவையாக்கிய சட்டம் வருவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நம் இல்லங்களின் மிகப் பெரிய செலவு சோறும் அன்று, துணியும் அன்று, வட்டியே ஆகும். அது தட்டில் தெரியாது, உடம்பில் ஒட்டாது. ஆயினும் மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னதாக அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கூட்டுறவு வந்தது, நம் வாசலுக்கு வந்ததா?

வட்டிக்கு மருந்து கூட்டுறவே என்பதை முதலில் அழுத்திக் கூறியவர் சென்னை மாகாண அதிகாரியாயிருந்த பிரெடரிக் நிக்கல்சன். ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்பவர் ஏழை உழவர்களை ஒன்று சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணையாக நிறுத்தி, குறைந்த வட்டிக்குக் கடன் பெறச் செய்த முறையை அவர் ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று.

ஆனால் சங்கத்தில் கடன் பெற நிலம் வேண்டும். அல்லது நிலமுடையவரின் பிணை வேண்டும். நிலமற்றவன் என் செய்வான்? 1919இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோர் நலன் காக்கப் பாடிசன் என்னும் அதிகாரியை அமர்த்தியது. 1920இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாயிற்று. அத்துறையே நம் மக்களுக்குப் பள்ளிகளைத் திறந்தது; கிணறுகளை வெட்டியது; குடியிருப்பு மனைகளை வாங்கித் தந்தது. "லேபர் பள்ளி" என்று முதியோர் குறிப்பிட்டவை அத்துறையின் பள்ளிகளே. மனைக்குரிய தொகையைத் தவணையாகச் செலுத்தக் கூட்டுறவுச் சங்கங்களும் நம் மக்களிடையே அமைக்கப்பட்டன. பண்ணையாரின் மனையில் குடிசை போட்டிருந்தவன், அவர் வேண்டாதபோது வெளியேற வேண்டும். கூலி போதாது என்று வாய் திறக்கவும் முடியாது. சொந்த மனை வந்த பின்னரே கூலியைப் பற்றிப் பேசும் துணிவு வந்தது. ஆகவே மனைக்குச் செலுத்திய தவணை செலவன்று. விடுதலைக்குச் செலுத்திய விலை.

1938இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. பெற்ற முதலைப் போல் இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொள்ளும் விதி அதில் இருந்தது. பல்லாயிரம் உழவர் அதனால் மூச்சு விட்டனர். ஆனால் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உடையவரையே அச்சட்டம் விவசாயி என்றது. உழுது, நட்டு, அறுத்து, போரடித்தும் ஒரு குழி நிலமில்லாத நம்மவர் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. சட்டம் வந்த செய்தி நம் தெருவுக்கும் வந்தது. அதன் பயன் வரவில்லை.

கடன் வாங்காத கடையும் பிடியரிசிப் பள்ளியும்

சட்டம் கை கொடாத இடத்தில் மக்கள் தாமே கைகோத்த வரலாறுகள் உண்டு. அவற்றுள் இரண்டை நம் இளைஞர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நிகழ்ந்தது. அது நெசவாலைகள் நிறைந்த ஊர். கூலி குறைவு; கடைகளிலோ கலப்பட மாவும் குறை எடையும் கடன் பற்றும். நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் பல மாதங்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்கத்திற்கே விற்பனை, ஆதாயத்தில் வாங்கியோர்க்கெல்லாம் பங்கு என்பன அவர்களின் விதிகள். கடன் கொடுக்காத கடை ஏழைக்கு எங்ஙனம் உதவும் என்று அன்று நகைத்தவர் உண்டு. ஆனால் பற்று ஏட்டில் பெயருள்ளவன் விலையைக் கேட்க முடியாது. எடையைப் பார்க்க முடியாது. வேறு கடைக்கும் செல்ல முடியாது. ரொக்கம் கொடுப்பவனுக்கே வாய் உண்டு. இந்நுட்பத்தை உணர்ந்த அந்த 28 பேரின் வழியே உலகெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றின.

இரண்டாவது நமக்கு வடக்கே, விருதுநகரில் நிகழ்ந்தது. கோவில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகமாக அன்றிருந்த நாடார் பெருமக்கள், சரக்கின் மீது மகமை என்னும் சிறு தொகையைத் தாமே விதித்துப் பொதுநிதி சேர்த்தனர். அதனோடு, உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை இல்லந்தோறும் தனியே எடுத்து வைத்து, அதனைத் திரட்டிச் சத்திரிய வித்தியாசாலைக்கு ஈந்தனர். அப்பிடியரிசிப் பள்ளியில் படித்த சிறுவருள் ஒருவரே பின்னாளில் தமிழக முதலமைச்சரான காமராசர். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. இல்லத்து அரிசி பள்ளியை வளர்த்தது. அப்பள்ளி வளர்த்த பிள்ளை, பள்ளிதோறும் அரிசியைக் கொண்டு வந்து சேர்த்தார்.

"அவர்கள் வணிகர், அவர்களுக்குச் சரக்கு இருந்தது, நமக்கு என்ன இருந்தது?" என்று வினவலாம். வினா நேர்மையானதே. மகமை விதிக்க நம்மிடம் மூட்டைகள் இல்லை. ஆனால் பிடியரிசிக்கு மூட்டை வேண்டுவதில்லை. நம்மவரும் இத்தகைய வழியை அறியாதவர் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் வார இதழ் தொடங்கியபோது, அதற்கு "ஒரு பைசாத் தமிழன்" என்றே பெயரிட்டார். விலை ஒரு பைசா, கூலியாளும் வாங்கலாம். வாங்கியவர் படிக்க, படிக்கத் தெரியாதவர் கேட்கலாம். செலவைக் குறைத்து அறிவைக் கொடுப்பது எவ்வாறு என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நாமே வரவழைத்துக் கொண்ட செலவுகள்

வட்டி பிறர் நம் மீது சுமத்தியது. நாமே தோளில் ஏற்றிக்கொண்ட சுமைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

முதலாவது மது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, பின்னர் 1980களில் மறுபடியும் கடைகள் திறக்கப்பட்டன. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சட்டம் வருவதும் போவதுமாக இருந்த இந்நூற்றாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சட்டத்தை நம்பி வீட்டுக் கணக்கு எழுத முடியாது என்பதே. சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை நம் தாய்மார் நன்கறிவர்.

இரண்டாவது சடங்கு. காதணி விழா, பூப்பு நீராட்டு, திருமணம், கருமாதி ஆகிய ஒவ்வொன்றிலும் பந்தலும் பந்தியும் பெருகிவிட்டன; இந்நாளில் பெரும் பதாகைகளும் சேர்ந்துகொண்டன. நூறாண்டுக்கு முன் மகனின் திருமணத்திற்காகத் தன்னை அடகு வைத்தவனுக்காக இரங்குகிறோம். இன்று மகளின் சடங்கிற்காக அவள் படிப்புக்கு வைத்த நகையை அடகு வைப்பவனை என்னென்பது? மொய் வந்துவிடும் என்பர். மொய் வரவன்று, ஏட்டில் எழுதப்பட்ட கடன். அடுத்த ஆனியிலோ ஆவணியிலோ அது திரும்பிச் செல்லும். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. அது புரோகிதரை மட்டும் விலக்கவில்லை. சடங்கின் பெயரால் வந்த வீண் செலவையும் விலக்க வழி காட்டியது. 1967இல் அண்ணா ஆட்சி அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், எளிய மணவிழா நடத்தினால் ஊர் என்ன சொல்லுமோ என்னும் அச்சம் நம்மை விட்டு அகலவில்லை. இழிவுபடுத்தப்பட்ட மக்கள் ஒரு நாளேனும் தலைநிமிர்ந்து நிற்க விரும்புவதன் பின்னுள்ள வேதனையை நான் அறியாதவன் அல்லன். ஆனால் ஒரு நாள் நிமிர்வதற்காக ஓராயிரம் நாள் குனிய நேருமாயின், அது நிமிர்வாகாது.

வட்டியின் புதிய வேடங்கள்

பண்ணையார் மறைந்தாலும் வட்டி மறையவில்லை. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் கேட்பதற்குச் சிறிதாக இருக்கும்; அது மாதக் கணக்கு. ரூ.5,000 பெற்றவன் மாதம் ரூ.500 வீதம் ஆண்டில் ரூ.6,000 செலுத்திய பின்னும், முதல் ரூ.5,000 அப்படியே நிற்கும். தண்டல் முறையில் ரூ.900 கொடுத்து, நாளொன்றுக்கு ரூ.10 வீதம் நூறு நாள் வாங்குவர். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 75க்கும் மேற்பட்ட வட்டியாகும். இக்கணக்கைப் போடத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதே பெரிய சேமிப்பு. அளவு மீறிய வட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழகத்தில் 2003இல் வந்தது. ஆனால் சட்டம் அறியாதவனைச் சட்டம் தேடி வருவதில்லை.

இதற்கு மாற்றாக எழுந்தவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இம்முயற்சி, 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் விரிந்தது. சிறு தொகையை முறையாகச் சேர்த்து, தமக்குள்ளே கடன் கொடுத்து, வட்டியையும் தம் குழுவுக்கே திரும்பச் செய்யும் முறை, நிக்கல்சன் நூறாண்டுக்கு முன் எழுதியதே. அன்று நம் வாசலுக்கு வாராத கூட்டுறவை நம் தாய்மார்களே கொண்டு வந்தனர். ஆனால் குழுவின் பெயரால் வாரத் தவணைக் கடன்களை ஒன்றன் மேல் ஒன்றாக வாங்குவது, பழைய துண்டு முறையைப் புதிய தாளில் எழுதுவதேயாகும்.

போராடியும் வாக்களித்தும் பெற்ற உரிமைகளும் இல்லத்துச் செலவைக் குறைத்துள்ளன. 1944இல் தொடங்கிய தாழ்த்தப்பட்ட மாணவர் உதவித்தொகை, 1956இன் பகலுணவு, 1982இன் சத்துணவு, 2011 முதல் விலையில்லா அரிசி, 2016இல் வந்த 100 அலகு கட்டணமில்லா மின்சாரம், 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம், 2022இல் காலையுணவு ஆகியவை ஒவ்வொன்றும் குடும்பத்தின் ஒரு செலவைக் குறைத்தவை. இவற்றால் மிஞ்சிய காசு எங்கே செல்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைக்கக் கூடியதும் குறைக்கக் கூடாததும்

வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் சிக்கனத்தை நான் போற்றவில்லை. அவ்வாறு கட்டப்படும் முதல் வயிறு, எல்லோருக்கும் பரிமாறிய பின் பானையின் அடியை வழிக்கும் தாயின் வயிறே. அடுத்தது பெண் குழந்தையின் வயிறு. உணவிலும் மருந்திலும் புத்தகத்திலும் குறைப்பது சிக்கனமன்று. நாளைய கடனுக்கு இன்றே போடும் முன்பணம்.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி, தம் மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணம் முடித்துக் கொடுத்த மகளிடம் சென்று அவள் நகையை வாங்கி அடகு வைப்பாராம். ஓய்வூதியம் வந்ததும் அதனை மீட்டுத் திருப்பிக் கொடுப்பாராம். அவரும் கடன் வாங்கியவரே. ஆனால் எதற்காக வாங்கினார், எவ்வளவு விரைவில் மீட்டார் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. அந்த அடகுச் சீட்டு அம்பேத்கரைப் படிக்க வைத்தது. அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி ஆயிரக்கணக்கானோரைப் படிக்க வைத்தார்.

எனவே வெள்ளி விழா நாளில் உறுப்பினர்களிடமும் இளைஞர்களிடமும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரவு செலவு ஏடு இருக்கட்டும். அதனைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையே எழுதட்டும். வட்டிக்குச் செல்லும் தொகையைச் சிவப்பு மையால் எழுதட்டும். இரண்டாவதாக, விழாச் செலவுக்கு வரம்பைக் கழகமே கூடித் தீர்மானிக்கட்டும். தனி ஒருவன் எளிமையாக நடத்தினால் ஊர் பேசும்; ஊரே கூடி முடிவெடுத்தால் பேச எவரும் இரார். மூன்றாவதாக, விருதுநகரின் பிடியரிசியைப் போல, இல்லந்தோறும் மாதத்தில் ஒரு நாள் கூலியைக் கல்வி நிதிக்கென ஒதுக்குவோம். கல்லூரிக் கட்டணத்திற்காக நம் பிள்ளை ஒருவனும் வட்டிக்கடையின் படியேறாதிருக்க அந்நிதி காவலாகட்டும்.

தனி வீட்டின் சிக்கனம் ஓட்டைப் பானையில் வார்த்த நீர். ஓட்டையை அடைக்கப் பல கைகள் வேண்டும். நம் பாட்டன் கைநாட்டு வைத்த ஏட்டில் வட்டி வளர்ந்தது. நம் பேரன் கையெழுத்திடும் ஏட்டில் கல்வி வளரட்டும்.